ஈவன்ட் கம்பெனில யாரு என்ன வேலை பாக்குறாங்க? ஆஃபர் லெட்டர் வந்திருக்கு, ஒண்ணும் புரியல

செக்காலை_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். நமக்கு காரைக்குடி தான், பி.காம் முடிச்சு ஒரு வருசம் ஆச்சு. மதுரைல ஒரு ஈவன்ட் மேனேஜ்மென்ட் கம்பெனில இருந்து ஆஃபர் வந்திருக்கு, போஸ்ட் பேரு 'ஈவன்ட் எக்ஸிகியூட்டிவ்'. சம்பளம் சுமார் தான். இன்டர்வியூல என்ன வேலைனு கேட்டதுக்கு "எல்லாம் பாக்கணும் தம்பி"னு சிரிச்சுட்டு விட்டுட்டாங்க. அவங்க வெப்சைட்ல பாத்தா பிளானர், கோஆர்டினேட்டர், கிளையன்ட் சர்வீசிங், புரொடக்‌ஷன், ஹாஸ்பிடாலிட்டி, ஷோ காலர்னு வரிசையா போட்டுருக்கு, எல்லாம் ஒண்ணு மாதிரியே தெரியுது. ஆத்தா வேற "கல்யாண வீட்ல சேர் போடுறதுக்கா பி.காம் படிக்க வச்சேன்"னு ரெண்டு நாளா பேச மாட்டேங்குது. இந்த லைன்ல இருக்க அண்ணன், ஆச்சி யாராச்சும் வெளக்கமா சொல்லுங்க.

நாள்சம்பளம்:
சேர் போடுறதும் அதுல உண்டு. முன்னாடியே சொல்லிட்டேன்.

பந்தி_விசாரணை:
தம்பி, நான் தேவகோட்டைப் பக்கம் 27 வருசமா கல்யாண சமையல் எடுத்துச் செய்யிறேன். நீ சொல்ற இங்கிலீஷ் பேரெல்லாம் எனக்கு லேட்டா தான் தெரியும், ஆனா வேலை பழசு. நம்ம ஊரு கல்யாணத்துல உக்கிராணம்னு ஒரு ரூம் இருக்கும் பாத்திருப்ப, அரிசி பருப்பு எண்ணெய் தேங்காய் வெத்தல எல்லாம் அங்க தான் இருக்கும், சாவி ஒரே ஆளு இடுப்புல தான் தொங்கும். அவரு கைய தாண்டி ஒரு கிலோ நெய் கூட அடுப்படிக்குப் போகாது. மாப்ளையோட அம்மான் வந்து கேட்டாலும் "மேஸ்திரி சீட்டு எங்க"ம்பாரு. அவரு தான் உங்க லாஜிஸ்டிக்ஸ். பந்தி விசாரிக்கிறவரு தனி ஆளு, யாருக்கு எலைல என்ன விழலைனு பாத்துக்கிட்டே நடப்பாரு, கையால ஒரு கரண்டி எடுக்க மாட்டாரு. பந்தல்காரருக்கும் மேளக்காரருக்கும் நேரம் சொல்றது பங்காளில ஒரு பெரியவரு. இதெல்லாம் சம்பளம் இல்லாம சொந்தக்காரங்க பாத்த வேலை, இப்ப சொந்தக்காரங்க சிங்கப்பூர்லயும் டல்லாஸ்லயும் இருக்காங்க, முகூர்த்தத்துக்கு மொத நாள் தான் வந்து இறங்குறாங்க, அதனால கம்பெனி வந்துருச்சு. அவ்வளவு தான் விசயம்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. எலைக் கணக்கு. சமையல் பில்லு பல எடத்துல எலை எண்ணி தான். போன தை மாசம் ஒரு கல்யாணம், என் பையன் எண்ணினது 1,140 எலை, வீட்டுக்காரங்க 1,020ங்கிறாங்க. 120 எலைக்குச் சண்டை. கடைசில பாத்தா கம்பெனில இருந்து வந்த ஒரு பிள்ளை, உன் வயசு தான் இருக்கும், ஒவ்வொரு பந்தி முடிய எலைக்கட்டுல மிச்சம் எத்தனைனு நோட்டுல எழுதி வச்சிருந்துச்சு. மொத்தம் 1,125. நானும் ஒத்துக்கிட்டேன் அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. அந்தப் பிள்ளைக்கு என்ன பதவினு எனக்குத் தெரியாது, ஆனா அன்னைக்கு அந்த வீட்ல அத விட பெரிய ஆளு யாரும் இல்ல.

வளவு_வீடு:
பந்தி அண்ணன் சொன்னது அழகு, ஆனா தம்பி ஆஃபர் லெட்டர் கைல வச்சுக்கிட்டு நிக்குது, கொஞ்சம் பிரிச்சு சொல்றேன். நான் கானாடுகாத்தான், இப்ப சென்னைல வெட்டிங் பிளானர், 9 வருசம் ஆச்சு.

பிளானர்னா கல்யாணத்துக்கு ஆறு மாசம் எட்டு மாசம் முன்னாடியே உள்ள வர்றவங்க. பட்ஜெட் போடுறது, எந்த வீடு, எந்த சமையல், எந்த போட்டோகிராபர், யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ், அக்ரிமென்ட்ல என்ன எழுதணும், இதெல்லாம் அவங்க தலைல. கோஆர்டினேட்டர்னா பிளானர் போட்டு வச்சத அன்னைக்கு நடத்திக் காட்டுறவங்க. பிளானருக்கு போன் பேசிப் பேசி காது வலிக்கும், கோஆர்டினேட்டருக்கு நின்னு நின்னு கால் வலிக்கும். சின்ன கம்பெனில ரெண்டும் ஒரே ஆளு, அப்ப ரெண்டும் வலிக்கும். கிளையன்ட் சர்வீசிங்ங்கிறது வீட்டுக்காரங்க கூட பேசுற ஆளு. பொண்ணு ஒண்ணு கேக்கும், பொண்ணோட ஆத்தா வேற ஒண்ணு கேப்பாங்க, காசு குடுக்குற அப்பச்சி ரெண்டும் வேணாம்பாரு, மூணையும் கேட்டு ஒரே பேப்பர்ல எழுதி கையெழுத்து வாங்கிட்டு வரணும். வாய் இனிக்கணும், நோட்டு கண்டிப்பா இருக்கணும்.

ஹாஸ்பிடாலிட்டி தான் நம்ம பக்கம் ரொம்ப கஷ்டம்னு நான் சொல்லுவேன். விருந்தாளி யாரு வர்றா, எப்ப வர்றா, எந்த ரூம், எந்த வண்டி. காரைக்குடிக்கு பிளைட் கெடையாது, மதுரைல பாதி பேர் இறங்குவாங்க திருச்சில பாதி பேர் இறங்குவாங்க, ரெண்டும் எப்படியும் ஒண்ணரை ரெண்டு மணி நேரம் ரோடு. மிச்சம் பேர் ராத்திரி பல்லவன் ரயில்ல. பெரிய ஹோட்டல் ஒண்ணுல 200 ரூம்ங்கிற கதையே இங்க இல்ல, கானாடுகாத்தான்ல 12 ரூம், பள்ளத்தூர்ல 8, காரைக்குடி லாட்ஜ்ல 30னு ஊர் ஊரா பிரிச்சு போடணும். யாரையாச்சும் தப்பான ஊர்ல தங்க வச்சா முப்பது வருசத்துக்குப் பேசுவாங்க.

ஒரு தடவ வெளியூர் டீம் ஒண்ணு நம்ம ஊர்க் கல்யாணத்த எடுத்துச்சு. ரன் ஷீட், அதாவது எது எப்ப நடக்கணும்ங்கிற நேரப் பட்டியல், பிரமாதம், அஞ்சு அஞ்சு நிமிசமா பிரிச்சு கலர் கலரா. ஆனா அதுல வேவு சடங்குக்கு நேரம் இல்ல, இசைகுடிமானம்னு ரெண்டு வீட்டுக்காரங்களும் எழுதுற கல்யாண ஒப்பந்தத்துக்கு நேரம் இல்ல, திருப்பூட்டு (தாலி கட்டு) முடிஞ்ச ஒடனே போட்டோ ஷூட்னு போட்டுருக்காங்க. பெரியவங்க உக்காந்து இசைகுடிமானம் எழுதிக்கிட்டு இருக்காங்க, ஒரு பையன் வாக்கி டாக்கிய வச்சுக்கிட்டு "சார் டிலே ஆகுது"ங்கிறான். எங்க ஐயா திரும்பிப் பாத்த பார்வைல அவன் வாக்கி டாக்கிய ஆஃப் பண்ணிட்டான். அது அந்தப் பையன் தப்பு இல்ல, சடங்கு தெரிஞ்ச வீட்டு ஆள் ஒருத்தர மொதல்ல கூப்பிட்டு உக்கார வைக்காத பிளானர் தப்பு.

கன்சோல்_காரன்:
எல்லாம் பழைய வேலை தான், பேரு மட்டும் புதுசுனு பந்தி அண்ணன் சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். மன்னிச்சுக்கங்கண்ணே. உக்கிராணத்துக்கு ஈடு சொல்லலாம், ஷோ காலருக்கு ஈடு நம்ம கல்யாண வீட்ல கெடையாது.

நான் சவுண்டுல ஆரம்பிச்சு இப்ப புரொடக்‌ஷன்ல இருக்கேன். புரொடக்‌ஷன்னா மேடை, ட்ரஸ் (லைட் தொங்க விடுற இரும்புச் சட்டம்), லைட், சவுண்டு, எல்இடி சுவர், ஜெனரேட்டர், கேபிள், அத்தனையும். இதுக்குள்ளயே டெக்னிக்கல் ஆள் வேற, ஸ்டேஜ் மேனேஜர் வேற, ஷோ காலர் வேற. ஸ்டேஜ் மேனேஜர் மேடைக்குப் பக்கத்துல நின்னு அடுத்து யாரு ஏறணுமோ அவர கைல புடிச்சு வச்சிருப்பாரு. ஷோ காலர் பின்னாடி கன்சோல்ல, அதான் கன்ட்ரோல் மேசைல உக்காந்திருப்பாரு, காதுல ஹெட்செட், முன்னாடி எப்ப எது வரணும்னு எழுதின கியூ ஷீட். "லைட் ஸ்டாண்ட்பை, எல்இடி ஸ்டாண்ட்பை, ஆடியோ ஸ்டாண்ட்பை", அப்புறம் "கோ". அந்த ஒரு வார்த்தைக்கு தான் அத்தனை பேரும் கை வைப்பாங்க. வேற யாரும் ஹெட்செட்ல அந்த வார்த்தைய சொல்லவே கூடாது. எங்க டீம்ல புதுசா ஒரு பொண்ணு, ஹெட்செட் மைக் ஆன்ல இருக்கது தெரியாம "கோலப்பொடி எங்க வச்சீங்க"னு கேட்டுச்சு. பேப்பர் பிளாஸ்ட் ஆப்பரேட்டர் மொத எழுத்துலயே அமுக்கிட்டான். மேடைல நிதி அறிக்கை படிச்சுக்கிட்டு இருந்தவர் மேல கலர் பேப்பர் மழை. கைதட்டுனாங்க, அது வேற விசயம்.

இன்னொண்ணு, லைட்டுக்கும் சவுண்டுக்கும் கரண்ட் தனித்தனியா எடுக்கணும், ஒரே லைன்ல போட்டா ஸ்பீக்கர்ல ம்ம்ம்ம்னு ஒரு இரைச்சல் வரும். பழைய செட்டிநாட்டு வீட்ல வீட்டு வயரிங்கையே தொடக்கூடாது, ஜெனரேட்டர் தான். தம்பி, உனக்கு சத்தம் வெளிச்சத்துல ஆசை இருந்தா இந்தப் பக்கம் வா, பி.காம்க்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லனு யோசிக்காத, எங்க புரொடக்‌ஷன் மேனேஜர் தமிழ் இலக்கியம்.

முகப்புத்_திண்ணை:
ஷோ காலருக்கு நம்ம ஊர்ல ஈடு இல்லனு சொன்னவருக்கு. கம்பன் விழாவ நெனச்சுப் பாருங்க. 1939ல சா. கணேசன் ஐயா காரைக்குடில கம்பன் கழகம் ஆரம்பிச்சாங்க. விழால சொன்ன நிமிசத்துக்குத் தொடங்கும், சொன்ன நிமிசத்துக்கு முடியும், பேசுறவரு எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் மணி அடிச்சா முடிச்சுக்கணும்னு எங்க அப்பச்சி கதை கதையா சொல்லுவாங்க. கடைசி நாளுக்கு நாட்டரசன்கோட்டை போயிருவாங்க, எடம் மாறினாலும் நேரம் மாறாது. ஹெட்செட் இல்ல எல்இடி இல்ல. 'கோ' சொல்ற அதிகாரம் ஒரே ஆள்கிட்ட இருந்துச்சு.

கன்சோல்_காரன்:
சரிண்ணே, தோத்தேன். அது ஷோ காலர் தான்.

ஊதா_பூக்கல்லு:
டெக்கரேஷன யாரும் பேசலயே. ஆத்தங்குடி என் ஊரு, அப்பா பூக்கல்லு (பூப்போட்ட தரைக்கல்லு) பட்டறை, நான் டெக்கர் பக்கம் வந்துட்டேன். டெக்கர்ல டிசைனர் தனி, அத ஏத்துறவன் தனி. டிசைனர் லேப்டாப்ல படம் போட்டு கிளையன்ட்ட மயக்கிருவாங்க, அத ராத்திரி பத்து மணிக்கு மேல வளவுக்குள்ள, அதான் வீட்டு நடு முத்தத்துல, நிக்க வைக்கிறது நாங்க.

இங்க வந்து மொத தடவ வேலை பாக்குற டீம் எல்லாம் பண்ற தப்பு ஒண்ணே ஒண்ணு தான், தூண்ல ஆணி. அது பர்மா தேக்கு. சுவத்துல முட்டை வெள்ளக்கருவும் சுண்ணாம்பும் போட்டு பூசி கண்ணாடி மாதிரி தேச்சு வச்சிருக்காங்க, அதுல டபுள் சைட் டேப் ஒட்டி உரிச்சா பூச்சோட வந்துரும், அத திரும்பப் பூச இப்ப ஆள் தேடணும். தரைல மெழுகுவர்த்தி வச்சா கல்லுல கறை எறங்கும். அதனால எல்லாமே தனியா நிக்கிற பிரேம், கீழ ரப்பர் இல்லாட்டி சாக்கு, வெயிட்டுக்கு மணல் மூட்டை. இதெல்லாம் ரெக்கி வர்ற ஆளு பாத்து எழுதணும். ரெக்கின்னா முன்கூட்டியே எடத்த போய் அளந்து பாக்குறது. நல்ல ரெக்கி ஆளு டேப் புடிச்சு அளந்துட்டு போட்டோ எடுத்துட்டுப் போயிர மாட்டாரு, கக்கூஸ் எத்தனைனு கேப்பாரு, மழை பெஞ்சா வளவுல தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு கேப்பாரு, பின் வாசல் எந்தத் தெருவுல தொறக்குதுனு பாப்பாரு. நம்ம வீடு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும்ல, சமையல் வண்டி பின் தெரு வழியா, மாப்ள கார் முன் தெரு வழியா. இது தெரியாத ஒரு டீம் காய்கறி லாரிய முகப்புல கொண்டாந்து நிறுத்தி, பொண்ணு அழைப்பு அரை மணி நேரம் லாரிக்குப் பின்னாடி நின்னுச்சு.

அப்புறம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைங்க எல்லாம் எங்களுக்கு ப்ராப் குடோன் மாதிரி. உருளி, மரப்பெட்டி, எனாமல் தூக்கு எல்லாம் கெடைக்கும். பேரம் பேசத் தெரிஞ்ச ஆளு டெக்கர்ல சீக்கிரம் மேல வருவான்.

தேவகோட்டை_ரஸ்தா:
ஹோட்டல் பக்கம் இருந்து ஒரு வார்த்தை. நான் திருச்சில ஒரு ஹோட்டல்ல பாங்க்வெட்ல, அதான் விருந்து ஹால் பக்கம், இருந்தேன். நாங்க எடத்துக்காரங்க, ஈவன்ட் கம்பெனி வாடகைக்கு வர்றவங்க, இந்த வித்தியாசம் புரிஞ்சா பாதி சண்டை கொறையும். பாங்க்வெட் சேல்ஸ் ஆளு ஹாலை விப்பாரு, வித்த அன்னையோட அவரு முகம் பாக்க முடியாது. பாங்க்வெட் மேனேஜர் தான் நடத்துறவரு. நடுவுல ஒரு காகிதம் இருக்கு, பங்க்‌ஷன் ப்ராஸ்பெக்டஸ், எல்லாரும் எஃப்.பி.னு சொல்லுவோம். எத்தனை பேரு, மெனு என்ன, மேசை எப்படி, மைக் எத்தனை, பில்லு யாரு பேர்ல, எல்லாம் அதுல தான். கேரண்டி நம்பர்னு ஒண்ணு எழுதுவோம், 300னு எழுதிட்டு 220 பேர் வந்தாலும் 300க்கு தான் காசு. எலைக் கணக்குல வர்ற பந்தி அண்ணன் ஆளுங்களுக்கு இது புரியவே புரியாது, "சாப்புடாத சாப்பாட்டுக்கு எதுக்குய்யா காசு"ம்பாங்க. தம்பி, எஃப்.பி.ய படிக்காம கையெழுத்துப் போடாத, அவ்வளவு தான்.

நாள்சம்பளம்:
எல்லாரும் நல்லதா சொல்லிட்டீங்க, நானும் கொஞ்சம் பேசிக்கிறேன். நான் ப்ரீலான்ஸ், நாலு வருசமா நாள் கணக்குல போறேன். ரன்னர் (எடுபிடி வேலைக்கு ஓடுற ஆளு), பிளோர் மேனேஜர், ஆர்ட்டிஸ்ட் பாக்குற ஆளு, எதுனாலும் போவேன். ஒரு கம்பெனில 'ஈவன்ட் மேனேஜர்'னு கார்டு அடிச்சுக் குடுத்தாங்க, பேரு சொல்ல விரும்பல. சந்தோசமா வீட்ல காட்டினேன். கார்டுல மேனேஜர், ஆனா ஒரு தண்ணி கேன் கூடுதலா வாங்குறதுக்கு மூணு பேருக்கு போன் அடிச்சு அனுமதி கேக்கணும். எதாச்சும் தப்பாப் போனா மட்டும் "நீ தான மேனேஜர்". ஆறு நாள் வேலை, ராத்திரி ரெண்டு மணிக்கு பேக்அப், காசு வந்தது மூணாவது மாசம், அதுவும் பாதி. மிச்சம் இன்னும் வரல. அதனால கார்டுல என்ன பேருனு பாக்காத தம்பி, உன் கைல எவ்வளவு காசு செலவு பண்ற அதிகாரம் குடுக்குறாங்கனு கேளு. 500 ரூபாயா, 5,000மா, சைபரா. சைபர்னா நீ ரன்னர், பேரு என்னவா வேணா இருக்கட்டும். ரன்னரா இருக்கதுல அசிங்கம் இல்ல, ரன்னர் சம்பளத்துக்கு மேனேஜர் திட்டு வாங்குறது தான் அசிங்கம்.

வளவு_வீடு:
நாள்சம்பளம் தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. நானா இருந்தா இன்னொண்ணும் கேப்பேன், பங்க்‌ஷன் அன்னைக்கு காலைல எதாச்சும் தப்பாப் போனா மொத போன் யாருக்கு வரும்னு. பூ வரலனா ஒருத்தருக்கு, கரண்ட் போச்சுனா ஒருத்தருக்கு, அயித்தை கோவிச்சுக்கிட்டு கார்ல ஏறிட்டாங்கனா ஒருத்தருக்கு. இந்த மூணும் ஒரே நம்பருக்கு வர்ற கம்பெனினா அங்க டிபார்ட்மென்டே கெடையாது, வெப்சைட்ல சும்மா எழுதியிருக்காங்க. அப்படி எடத்துல ஒரு வருசம் இருந்தா நெறைய கத்துக்கலாம், ரெண்டாவது வருசம் ஒடம்பு தாங்காது.

செக்காலை_பையன்:
அண்ணன், ஆச்சி எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பி.காம் படிச்சதுக்கு இந்த லைன்ல எதாச்சும் மதிப்பு இருக்கா, இல்ல அத மறந்துரணுமா?

தேவகோட்டை_ரஸ்தா:
மறந்துறாத. இந்தத் தொழில்ல கணக்கு தெரிஞ்ச ஆளு கொறவு. ஈவன்ட் மேனேஜ்மென்ட் சர்வீஸுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், கிளையன்ட் கிட்ட மொதல்லயே சொல்லாம கடைசி பில்லுல போட்டா அடிதடி தான். வெண்டருங்க அட்வான்ஸ், மிச்சம், கேன்சல் ஆனா எவ்வளவு திரும்ப வரும், இதையெல்லாம் ஒரு ஷீட்ல வச்சிருக்க ஆள எந்த முதலாளியும் விட மாட்டான்.

கன்சோல்_காரன்:
பர்மிஷன் பக்கமும் அப்படித்தான். 2000ல வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10ல இருந்து காலை 6 வரைக்கும் வெளிய ஸ்பீக்கர் போடக்கூடாது, ஆனா வாசல்ல போலீஸ் வந்து நின்னதுக்கு அப்புறம் தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். பாட்டுக்கு லைசென்ஸ் வேற. கல்யாணம், கல்யாணத்தோட சேர்ந்த கொண்டாட்டத்துக்கு 1957 காப்பிரைட் சட்டத்துல 52ஆம் பிரிவுல விலக்கு இருக்கு, கம்பெனி பார்ட்டிக்கு அந்த விலக்கு கெடையாது. ரெண்டையும் ஒண்ணா நெனச்சு மாட்டினவங்க இருக்காங்க. இந்தக் காகித வேலைய ஒழுங்கா பாக்க ஒரு ஆளு இருந்தா நாங்க நிம்மதியா கன்சோல்ல சவுண்ட ஏத்தி எறக்குற ஃபேடர தள்ளுவோம்.

பந்தி_விசாரணை:
ஆத்தாகிட்ட சொல்லு தம்பி, சேர் போடுறதுக்கு இல்ல, சேர எண்ணுறதுக்குனு.

செக்காலை_பையன்:
பதினெட்டு நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். போன் பண்ணி ரெண்டு கேள்வியும் கேட்டேன். செலவு அதிகாரம் 2,000 ரூபா வரைக்கும்னு சொன்னாங்க, மொத போன் பத்தி கேட்டதுக்கு கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "உனக்கு ஹாஸ்பிடாலிட்டி டெஸ்க், ரூம், வண்டி சம்பந்தமா வர்றது மட்டும் உன் போனுக்கு"னாங்க. அத மெயில்ல எழுதிக் குடுங்கனு கேட்டு வாங்கிட்டேன். சேந்துட்டேன். ஆத்தா பேசிருச்சு, எலை கதைய சொன்னேன்.

இப்ப ஒரு சந்தேகம், அவசரம். மொத வேலையே நம்ம பக்கம் தான், கானாடுகாத்தான்ல ஒரு சாந்தி கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்). பல்லவன்ல வர்ற 38 பேரு லிஸ்ட் அனுப்பியிருக்காங்க, அதுல ஒரே பேரு, ஒரே இனிஷியல் ரெண்டு எடத்துல இருக்கு. தெரியாம ரெண்டு தடவ டைப் பண்ணிட்டாங்கனு ஒண்ண அழிச்சுட்டு 37 ஆக்கிரலாமா?

வளவு_வீடு:
அழிச்சுறாத!! ஒருத்தர் ஐயாவா இருப்பாரு, இன்னொண்ணு அவரு பேர வச்ச பேரன். இனிஷியல் ஒத்து வர்றதும் அந்தக் குடும்பத்துல வழக்கமா இருக்கும், மொதல்ல வீட்டுக்குப் போன் போட்டு வயசு கேளு. பெரியவருக்கு கீழ ரூம் குடு, அந்த வீட்டு மாடிப்படி செங்குத்தா இருக்கும். பேரன மாடில போடு, ஆனா பக்கத்து வீட்ல போட்டுறாத, ராத்திரி ஐயாவுக்கு மாத்திரை எடுத்துக் குடுக்குறது அவனா தான் இருக்கும்.